பரீட்சை வண்டி மதகில் நின்ற நாள்

பள்ளிக்கூடங்களில் உதவியாளராகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் முதலில் ஒன்று கேட்கிறேன். உங்கள் பள்ளியில் எத்தனை பேர் தேறினார்கள் என்று யாராவது விசாரித்தால், "அது சாருங்க சமாச்சாரம், எனக்கென்ன தெரியும்" என்று சொல்கிறவரா நீங்கள்? அப்படியானால் அந்தப் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். வாத்தியார் பாடம் நடத்துவார், பிள்ளை படிக்கும். படித்த பிள்ளை பரீட்சை நடக்கும் இடத்துக்குப் போய் உட்கார வேண்டுமே, அது யார் பொறுப்பு? எந்த அரசாணையிலும் அதற்கு ஒரு பெயர் போட்டிருக்க மாட்டார்கள். பெயர் போடாத வேலையெல்லாம் நம்முடைய வேலை. நான் அப்படித்தான் காலம் முழுக்கப் பார்த்தேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் உங்களுக்கு எப்படித் தெரியும்? தரங்கம்பாடிக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் பிறந்தவன். அப்பாவும் அண்ணன்களும் கடலுக்குப் போனார்கள். எனக்கு மட்டும் படகு அசைந்தாலே குமட்டும். "இவன் நம்ம குடும்பத்துல எப்படிப் பொறந்தான்" என்று அம்மாவே சிரிப்பாள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. கருவாட்டுக் கூடையைச் சுமந்துகொண்டு நெல்வயல் ஊர்களுக்கு வந்தேன். வந்த இடத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் மணி அடிக்க ஆள் இல்லை என்றார்கள். கூடையை இறக்கி வைத்துவிட்டு அடித்தேன். அதன் பிறகு கூடையை எடுக்கவே இல்லை. எழுதப் படிக்க நானே பழகிக்கொண்டேன், பெரும்பாலும் வினாத்தாள் கட்டுகளின் மேலுறையைப் பார்த்துத்தான். நான் ஓய்வு பெற்ற அன்றைக்கு மாலை போட வந்த தலைமை ஆசிரியர்களை உட்கார வைக்க நாற்காலி பற்றவில்லை. பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் இரவல் வாங்கினோம்.

போதும். விஷயத்துக்கு வருகிறேன்.

ஆட்சி மாறிச் சில வருடம் ஆகியிருந்த காலம் அது. டீக்கடைகளில் அடுக்குமொழிப் பேச்சு ஒலித்துக்கொண்டே இருக்கும். எங்கள் ஊரில் கீழத்தெருவில் சிவப்புக் கொடி, கடைத்தெருவில் ஆளுங்கட்சிக் கொடி, மேலத்தெருவில் கொடி கிடையாது, நிலம் இருந்தது. அறுப்புக் கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்று கீழத்தெருவார் கேட்டார்கள். மிராசுதார் முடியாது என்றார். வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுத்துக்கொள்கிறேன் என்றார். வந்தால் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள் இவர்கள். இரண்டாம் போகமான தாளடி நெல் முற்றி, தலை சாய்ந்து, வயலிலேயே உதிர ஆரம்பித்துவிட்டது. உள்ளூரில் யாரும் அரிவாளைத் தொடவில்லை.

அதே சமயத்தில்தான் எட்டாம் வகுப்புப் பொதுத்தேர்வும் வந்தது.

அதற்கு முந்தைய வருடம் எங்கள் பள்ளியின் தேர்ச்சி படுமோசம். டெபுடி இன்ஸ்பெக்டர் வந்தார், நாற்காலியில் உட்காராமலேயே பேசினார். "இந்த வருஷமும் இப்படியே இருந்தா ஆறு, ஏழு, எட்டு மூணு வகுப்பையும் எடுத்துடுவோம். அஞ்சாவதோட நிறுத்திக்குங்க." அடுத்த நடுநிலைப் பள்ளி ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது. மேலத்தெருப் பிள்ளைகள் டவுனில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படித்துவிடுவார்கள். கீழத்தெருப் பிள்ளைகளுக்கு ஐந்தாவதோடு படிப்பு முடிந்தது என்று அர்த்தம். அதிலும் பெண்பிள்ளைகளுக்குச் சந்தேகமே இல்லாமல் முடிந்தது.

அவர் போன பிறகு ஆசிரியர் ஒருவர் ஒரு வழி சொன்னார்.

"சார், கீழத்தெருப் பிள்ளைங்க அஞ்சாறு பேர எழுத விடாம நிறுத்திட்டா நம்ம தேர்ச்சி தானா ஏறிடும். வருகை பத்தலைன்னு காரணம் எழுதிக்கலாம்."

இந்த வழியை அவர் கண்டுபிடிக்கவில்லை. அன்றைக்கும் பல பள்ளிக்கூடங்களில் நடந்ததுதான், இன்றைக்கும் வேறு பெயரில் நடக்கிறது. உங்களுக்கும் ஒரு நாள் காதில் விழும்.

எங்கள் தலைமை ஆசிரியர் மெலிந்த மனிதர். உரக்கப் பேச மாட்டார். பயந்த சுபாவம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அவர் மேசை மேல் இருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஏறும் சார். ஏறின பிறகு அந்த வகுப்பு யாருக்கு?"

ஆசிரியர் கையிலிருந்த வருகைப் பதிவேட்டை மூடினார்.

"போன வருஷம் நம்ம பிள்ளைங்க படிப்புல தோக்கல. நடையில தோத்தாங்க" என்றார் தலைமை ஆசிரியர்.

உண்மை அதுதான். பரீட்சை மையம் ஒன்பது மைலில் டவுன் உயர்நிலைப் பள்ளியில். முதல் பஸ் போய்ச் சேர்வதற்குள் அங்கே மணி அடித்துவிடும். அதனால் பிள்ளைகள் இருட்டோடு கிளம்பி நடந்தார்கள். முதல் நாள் எல்லோரும் போனார்கள். மூன்றாம் நாள் பாதிப் பேர் காலைப் பிடித்துக்கொண்டு வீட்டில் இருந்துவிட்டார்கள். போனவர்களிலும் சிலர் கணக்குப் பரீட்சையில் தலை கவிழ்ந்து தூங்கினார்கள். வராத பிள்ளையையும் தேறாத பிள்ளையோடு சேர்த்தே எண்ணினார்கள். தூங்கிய பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை.

ஆகவே இந்த வருடம் ஒரு வண்டி வேண்டும். தலைமை ஆசிரியர் யார் யாரிடமோ கேட்டுப் பார்த்தார். மாட்டுவண்டி வைத்திருந்தவர்கள், தகராறு நேரத்தில் மாட்டை வெளியே ஓட்ட முடியாது என்றார்கள். அந்த நேரம் பார்த்து மிராசுதாரின் காரியஸ்தர் பள்ளிக்கூடத்துக்கே வந்தார். வெள்ளை வேட்டி, கையில் குடை, வாயில் வெற்றிலை.

"பிள்ளைங்க பரீட்சைக்குக் கஷ்டப்படுதுன்னு ஐயா காதுல விழுந்துது. நம்ம டிராக்டர் சும்மாத்தானே நிக்குது, டிரெய்லர மாட்டி அனுப்பச் சொல்லிட்டாங்க. ரெண்டு தெருப் பிள்ளைங்களும் ஏறிக்கட்டும். ஐயா அதெல்லாம் பாக்க மாட்டாங்க."

நாங்கள் கைகூப்பினோம். அவசரத்தில் இருக்கிறவனுக்கு வண்டி கிடைத்தால், வண்டி ஏன் கிடைத்தது என்று கேட்கத் தோன்றாது. எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. கீழத்தெருத் தாய்மார்களிடம் தலைமை ஆசிரியர் வண்டி ஏற்பாடு ஆகிவிட்டது என்று சொன்னார். யார் வண்டி என்று அவர்களும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பரீட்சை முதல் நாள் விடிகாலையில் டிராக்டர் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தது. டிரெய்லரில் வைக்கோல் பரப்பி, மேலே தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். "பனி பெய்யுதுல்ல, பிள்ளைங்க தலை நனையக் கூடாதுன்னு" என்றார் டிரைவர் சாமிக்கண்ணு. கீழத்தெருவில் பிறந்து பண்ணை டிராக்டர் ஓட்டியவர். அந்த நாளில் அவரோடு அவர் தெருவில் யாரும் பேசுவதில்லை. பிள்ளைகள் ஏறினார்கள். தலைமை ஆசிரியரும் உள்ளே ஏறிக்கொண்டார். நான் மட்கார்டில் உட்கார்ந்தேன்.

ஊர் எல்லையில் வாய்க்கால் மதகு இருந்தது. அதைத் தாண்டாமல் எந்த வண்டியும் ஊருக்குள் வரவும் முடியாது, போகவும் முடியாது. வெளியூர் ஆள் இறங்கிவிடக் கூடாது என்று கீழத்தெருவார் முறை வைத்து அங்கே காவல் இருந்தார்கள். இரண்டு நாளைக்கு முன்னால் இதே டிரெய்லர் இதே தார்ப்பாயோடு உள்ளே வந்திருந்தது. கல்யாணக் கோஷ்டி என்று சொன்னார்கள், இவர்களும் விட்டுவிட்டார்கள். கோஷ்டி போய்ப் பண்ணை வயலில் இறங்கி அறுத்தது. அந்த ஏமாற்றத்தின் சூடு இன்னும் ஆறவில்லை.

டிராக்டர் சத்தம் கேட்டதும் மதகு மேல் ஆட்கள் எழுந்தார்கள். ஆண்கள் கையில் தடி. பெண்கள் மடியில் கல். நடுவில் பாக்கியம் நின்றாள். எட்டாவது படித்த அஞ்சலையின் அம்மா. நடவிலும் அறுப்பிலும் அவள் கொடுக்கிற குரலுக்குத்தான் வரிசை நகரும், போராட்டத்திலும் அப்படியே.

"இன்னிக்கு யாருக்குக் கல்யாணம் சாமிக்கண்ணு?" என்றாள்.

நான் குதித்து இறங்கினேன். "பாக்கியம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க. பரீட்சைக்குப் போறோம்."

"முந்தாநேத்து மாப்பிள்ளை வூடு, இன்னிக்குப் பள்ளிக்கூடமா? தார்ப்பாயத் தூக்குண்ணே."

தூக்கினேன். உள்ளே இருபது பிள்ளைகளும் ஒரு தலைமை ஆசிரியரும் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். தடிகள் இறங்கின. அஞ்சலை, "எம்மா, நேரமாகுதும்மா" என்றாள்.

எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தேன். அப்போது ஒரு பெரியவர் டிரெய்லருக்குள் கையை விட்டு வைக்கோலை விலக்கினார். கோணியில் சுற்றிய ஒரு கட்டு. அவிழ்த்தால் புது அரிவாள்கள், இன்னும் பிடியில் எண்ணெய்ப் பிசுக்குப் போகாதவை.

பாக்கியம் ஓர் அரிவாளை எடுத்துத் தலைமை ஆசிரியரிடம் நீட்டினாள்.

"ஏன் சார், பேனா புடிச்சி எழுதுறத நிறுத்திட்டாங்களா? இப்பல்லாம் இதாலதான் பரீட்சையா?"

தலைமை ஆசிரியரின் முகத்தில் ரத்தம் இல்லை. "எனக்குத் தெரியாதும்மா" என்றார். அவருக்குத் தெரியாது என்பது பார்த்தாலே தெரிந்தது.

"ஒங்களுக்குத் தெரியாது சார். ஒங்கள வச்சித்தானே அவங்க வண்டி கட்டியிருக்காங்க. போறப்ப பிள்ளைங்க, வர்றப்ப இந்த அரிவாளோட ஆளுங்க. பிள்ளைங்க வண்டின்னு நாங்க வழி விடணும். விட மாட்டோம். வண்டி திரும்பட்டும்."

"அம்மா, பரீட்சை..." என்று அஞ்சலை அழ ஆரம்பித்தாள்.

"அழுவாத. நீ எழுதாட்டியும் பரவால்ல. இந்த அரைப்படிக்கு எத்தன வூட்டுல உலை வைக்காம கெடக்கு, தெரியுமுல்ல?"

சொல்லிவிட்டாளே தவிர, அவள் மகள் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அந்த வார்த்தையில் நின்றிருக்க மாட்டாள் என்று எனக்குப் பட்டது.

இந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் நில்லுங்கள். இப்படி ஒரு நேரம் உங்களுக்கும் வரும். இரண்டு பக்கமும் சத்தம் போடுவார்கள். மனம், யார் சொல்வது நியாயம் என்று தராசு பிடிக்கப் பார்க்கும். பிடிக்காதீர்கள், அதற்கு நேரம் இருக்காது. எதிரில் நிற்கிறவர் எதற்குப் பயப்படுகிறார் என்று மட்டும் பாருங்கள். வாயில் வருகிற பேச்சு பெரியதாக இருக்கும். பயம் அதைவிடச் சின்னதாக, ஒரே இடத்தில் இருக்கும். பாக்கியத்துக்கு வண்டி போவதில் பயம் இல்லை. திரும்பி வருவதில்தான் பயம். அங்கே அத்தனை பேர் நின்றோம், இது எனக்குத்தான் பிடிபட்டது.

"பாக்கியம், வண்டி போறதுல ஒனக்குத் தொந்தரவு இல்ல. வர்றதுலதானே?" என்றேன்.

"ஆமா."

"அரிவாள்கட்டு இங்கயே இருக்கட்டும். நானும் இங்கயே உக்காந்துடுறேன். சாயங்காலம் இந்த வண்டியில பிள்ளைங்களத் தவிர ஒரு ஆள் வந்தாலும் என்னை என்ன வேணும்னாலும் பண்ணிக்குங்க."

ஒரு இளைஞன், "ஒன்ன வச்சி நாங்க என்னய்யா பண்றது? கருவாடா போடுறது?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சிரித்த கூட்டம் கல் எறியாது.

பாக்கியம் சிரிக்கவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நான் மேலத்தெருக்காரனும் இல்லை, கீழத்தெருக்காரனும் இல்லை. எனக்குக் காணி நிலமும் கிடையாது, அறுப்புக் கூலியும் கிடையாது. உப்புத் தண்ணீரிலிருந்து வந்தவன். அந்த ஊரில் பிணையாக வைக்கத் தோதான ஒரே ஆள் நான்தான், அது அவளுக்கும் தெரிந்தது.

"உக்காருண்ணே" என்றாள். பிறகு தலைமை ஆசிரியரிடம், "சார், பியூன் அண்ணன் இங்க இருக்காரு. நெனப்பு இருக்கட்டும்."

வண்டி மதகைத் தாண்டியது. தார்ப்பாயை அவிழ்த்துத் தன் மடியில் போட்டுக்கொண்டு தலைமை ஆசிரியர் என்னைப் பார்த்துக்கொண்டே போனார்.

நான் புங்கமரத்தடியில் உட்கார்ந்தேன். கஞ்சி கொடுத்தார்கள், மிளகாய் கடித்துக்கொண்டு குடித்தேன். அவர்கள் பேசியதெல்லாம் நெல்லைப் பற்றித்தான். எந்த வயலில் எவ்வளவு உதிர்ந்திருக்கும், எந்த வரப்பில் எலி வெட்டியிருக்கும். அறுக்க மாட்டோம் என்று நின்றவர்களுக்கு, உதிர்கிற நெல்லைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அது எனக்கு வியப்பாக இருந்தது. மீனைப் பற்றி எங்கள் ஆட்கள் அப்படிப் பேசிக் கேட்டதில்லை.

வெயில் உச்சிக்கு வந்தபோது காரியஸ்தர் இரண்டு போலீஸ்காரர்களோடு வந்தார். மதகில் வண்டியை மறித்ததும் அரிவாள்கட்டு பிடிபட்டதும் அவர் காதுக்குப் போயிருந்தது. நேராக என்னிடம் வந்தார்.

"என்ன வேலு, ஒன்னப் புடிச்சி வச்சிருக்காங்களாமே? பயப்படாத, சொல்லு. சர்க்கார் வேலையில இருக்கிறவன அடைச்சி வச்சா என்ன கேஸுன்னு இவங்களுக்குக் காட்டுவோம்."

மதகு மேல் இருந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். நான் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தடியடி நடக்கும், மதகு காலியாகும், சாயங்காலம் எந்த வண்டியும் தடையில்லாமல் வரும். காரியஸ்தர் எனக்காக வரவில்லை, அந்த ஒரு வார்த்தைக்காக வந்திருந்தார்.

"யாரு புடிச்சா?" என்றேன். "நான் டியூட்டியில இருக்கேங்க. காலையில பிள்ளைங்கள எண்ணி அனுப்புனதும் நான்தான், சாயங்காலம் எண்ணி வாங்குறதும் நான்தான்."

"அதுக்கு மதகுலதான் உக்காரணுமா?"

"நிழலு இங்கதாங்க இருக்கு."

போலீஸ்காரர்களில் வயதானவர் மீசைக்குள் சிரித்துவிட்டார். "வாங்க போவலாம், புகார் குடுக்கிற ஆளே இல்ல" என்று காரியஸ்தரின் தோளைத் தொட்டார். காரியஸ்தர் போகும்போது, "எத்தன நாளைக்கு இந்த ஊர்ல மணி அடிக்கிறேன்னு பாக்குறேன்டா" என்றார். அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் அடித்தேன். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

பொழுது சாய்ந்தது. டிராக்டர் சத்தத்துக்காக எல்லோரும் காது கொடுத்திருந்தோம். எனக்கு உள்ளே ஓர் உறுத்தல் வந்தது. வண்டி டிரைவர் கையில், டிரைவர் காரியஸ்தர் கையில். தலைமை ஆசிரியர் சத்தமாக ஒரு வார்த்தை பேசத் தெரியாதவர். டவுனில் ஆட்களை ஏற்று என்று உத்தரவு போயிருந்தால் அவர் என்ன செய்வார்? பிள்ளைகளை நடுவில் உட்கார வைத்து, ஓரத்தில் ஆட்களை உட்கார வைத்து அனுப்பினால் இங்கே யார் மேல் கல் விழும்? நான் கொடுத்த வாக்கில் இருந்த ஓட்டை அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

சத்தம் வரவில்லை. பதிலாக, கப்பி ரோட்டுப் பக்கமிருந்து புழுதியில் பிள்ளைகள் நடந்து வந்தார்கள். முன்னால் தலைமை ஆசிரியர், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. ரோட்டு முனையில் பஸ்ஸில் இறங்கி இரண்டு மைல் நடந்திருக்கிறார்கள்.

டவுனில் நடந்தது பிறகு தெரிந்தது. பரீட்சை விட்டு வெளியே வந்தபோது டிரெய்லரைச் சுற்றி வெளியூர் ஆட்கள் நின்றிருக்கிறார்கள். "பிள்ளைங்களோட சேத்து இவங்களையும் ஏத்திட்டு வரச் சொல்லி ஐயா உத்தரவு சார்" என்று சாமிக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டு சொல்லியிருக்கிறார். தலைமை ஆசிரியர் விவாதம் செய்யவில்லை. பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, பஸ் நிலையத்துக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

இப்போது அவர் மதகுக்கு வந்து பாக்கியத்தின் முன்னால் நின்றார். மேலத்தெருப் பிள்ளைகள், கீழத்தெருப் பிள்ளைகள் எல்லோரும் அவருக்குப் பின்னால். என்னைக் காட்டி, "இவரை அனுப்பிடும்மா" என்றார். பிறகு கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்:

"வண்டி பின்னால வருது. அதுல என் பிள்ளைங்க யாரும் இல்ல."

அவ்வளவுதான் சொன்னார். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று சொல்லவில்லை. மறியுங்கள் என்றும் சொல்லவில்லை, விடுங்கள் என்றும் சொல்லவில்லை. தன் பிள்ளைகள் இருக்கிறார்களா இல்லையா என்பது மட்டும் அவர் பொறுப்பு. அதைச் சொன்னார். மதகில் நின்றவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. எனக்கு அந்த யோசனை வந்திருக்காது. இதை நான் அதிகம் பேரிடம் சொல்வதில்லை.

பாக்கியம் மகளைப் பார்த்து, "எழுதுனியா?" என்றாள்.

"எழுதுனேன்."

"போ, வூட்டுக்கு."

டிராக்டர் வந்தபோது பெண்கள் எல்லோரும் மதகின் குறுக்கே உட்கார்ந்துவிட்டார்கள். கல் எறியவில்லை. சாமிக்கண்ணு என்ஜினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் போய் உட்கார்ந்தார். மறுபடி கட்டியிருந்த தார்ப்பாய்க்குள்ளிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். பசியில் ஒட்டிய வயிறும் கிழிந்த வேட்டியுமாக, இவர்களைப் போலவே இருந்தார்கள். இங்கே தகராறு இருக்கிறது என்று அவர்களிடம் ஒருவரும் சொல்லவில்லையாம். பாக்கியம் அவர்களோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்க அவர்கள் வந்த வழியே நடந்தார்கள்.

மீதிப் பரீட்சைகளுக்குப் பண்ணை வண்டி வரவில்லை. வந்தாலும் நாங்கள் ஏறியிருக்க மாட்டோம். மறுநாள் விடுமுறை என்பது நல்லதாகப் போயிற்று. கீழத்தெருவிலிருந்து இரண்டு பெண்கள் சட்டி பானையோடு டவுனுக்கு வந்தார்கள். பரீட்சை முடிகிற வரை பிள்ளைகள் டவுன் பள்ளிக்கூடத்துக் கொட்டகையிலேயே தங்கினார்கள். மேலத்தெருப் பிள்ளைகள் சொந்தக்காரர் வீடுகளில் தங்கினார்கள். எல்லோரையும் நான் காலையில் எண்ணி உள்ளே அனுப்பினேன், மாலையில் எண்ணி வெளியே வாங்கினேன். நன்றாகத் தூங்கி எழுந்த பிள்ளை எழுதுகிற பரீட்சை வேறு மாதிரி இருக்கும். எனக்குப் பாடம் தெரியாது, ஆனால் வெளியே வருகிற முகத்தைப் பார்த்தால் தெரியும். ஆறாவது நாள், கணக்குப் பரீட்சை முடிந்து வெளியே வந்தவர்கள் கூட்டமாக நின்று விடை சரிபார்த்து ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டார்கள். தேறுகிற பிள்ளைகள்தான் சண்டை போடும்.

மிராசுதார் சும்மா இருப்பாரா? தலைமை ஆசிரியர் போராட்டக்காரர்களுக்குத் துப்புக் கொடுத்தார் என்று புகார் போயிற்று. விசாரணைக்கு வந்த அதிகாரி என்னையும் கூப்பிட்டுக் கேட்டார். "வண்டியில என் பிள்ளைங்க இல்லன்னு சொன்னாருங்க. அது நெசந்தானே?" என்றேன். அதிகாரி பேனாவை மூடிக்கொண்டார். ஆனாலும் மாற்றல் உத்தரவு வந்தது, பேராவூரணிப் பக்கம் ஒரு பள்ளிக்கு. முடிவு வெளியாவதற்கு முன்பே அவர் போய்விட்டார். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு குடை, அவ்வளவுதான் சாமான். பஸ் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தார், கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார்.

அந்த வருடம் தேறாதவர்கள் மூன்று நான்கு பேர் இருந்தார்கள், இரண்டு தெருவிலும். வராதவர் ஒருவர்கூட இல்லை. டெபுடி இன்ஸ்பெக்டர் வந்து, இந்த முறை நாற்காலியில் உட்கார்ந்தார். தகராறு நடந்த ஊரில் ஒருவர்கூட விடுபடாமல் எழுதியது எப்படி என்று புதுத் தலைமை ஆசிரியரைக் கேட்டார். அவருக்குத் தெரியாது. நான் டீ வாங்கிக்கொண்டு வந்து வைத்தேன். மூன்று வகுப்புகளும் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். கூலியும் பேசி முடிந்திருந்தது, கேட்டதில் பாதி கிடைத்தது.

உங்கள் பள்ளிக்கூட வாசலில் இப்போது தேர்ச்சி விழுக்காட்டைப் பெரிதாக எழுதித் தட்டி கட்டுகிறார்கள், பார்க்கிறேன். நல்லதுதான். கட்டுவதற்கு முன்னால், அந்தக் கணக்குக்குள் வராமலேயே வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளை யாராவது உண்டா என்று நீங்கள் ஒரு தடவை பாருங்கள். ஏணி பிடிக்கப்போவது நீங்கள்தான், உங்களுக்குக் கேட்க உரிமை உண்டு.

ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று பாக்கியம் வந்தாள். வாய்க்காலில் தண்ணீர் விட்டிருந்தார்கள், நாற்றங்காலில் நின்ற சேற்றுக் காலோடு அப்படியே வந்திருந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை, கையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு பெண். அஞ்சலையின் தங்கை, ஐந்தாவது முடித்தவள்.

"சார் இல்லையாண்ணே?"

"மாத்திட்டாங்க பாக்கியம். பேராவூரணிக்கு."

புதுத் தலைமை ஆசிரியர் அன்று இன்னும் வராததால் காலியாகக் கிடந்த அறையை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மகளை முன்னால் தள்ளினாள்.

"இங்க எட்டாவது இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்ப இவ பேர எழுதச் சொல்லுண்ணே. எனக்கு நாத்தங்காலுக்குப் போவணும்."